வெயிலிலும் முறுக்கு அவிழாத பூ

வடகோடி விரிகுடாக் கரை விளங்க வந்த வித்தகரே! பனி கொட்டும் நாளிலும் பொழுதோடு கடை திறந்த கடமைக் கோவே! எம் அன்புக்கும், அதைவிட அதிகமாக எம் சந்தேகத்துக்கும் உரிய உலாயுக் அவர்களே!

முப்பதாண்டுக்கும் மேலாகக் கூட்டுறவுக் கடையில் மாவும் தேயிலையும் தோட்டாவும் அளந்து தந்த உம் நேர்மையில் எமக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஐயமெல்லாம் கடைக்குப் பின்னால் கற்சரிவில், கணுக்கால் உயரம்கூட எட்டாமல் படர்ந்து வெண்பூப் பூக்கும் மலிக்காத் செடிமீதும், அதன்முன் மண்டியிடும் உம்மீதும்தான்.

இதழ் உதிர்ந்தபின் அதன் விதையிழைகள் முறுக்கிக்கொள்ளும். முறுக்கு அவிழ்ந்து பஞ்சாய் விரிந்தால் கரிபூ மானின் தோல் குளிர்ச்சட்டைக்குப் பக்குவமாகிவிட்டதென்று வேட்டைப் படகுகள் புறப்படும். பார்த்துச் சொல்லும் உரிமை உமது. "இன்னும் அவிழல" என்று நீர் உரைத்தால் ஊரே கரையில் காத்துக் கிடக்கும்.

"இவரு மருமகன் படகு எஞ்சின் ரிப்பேரு. அது சரியாகாம பூ எப்படிங்க அவிழும்?" என்று மாவு மூட்டைகளுக்கிடையே முணுமுணுத்தவர் நுதாரக் அக்கா. ஆமாம் என்று தலையாட்டியவர்கள் நாங்கள்.

ஒருமுறை வெயில் காய்ந்து, ஊரெங்கும் பூத்தலைகள் விரிந்தும், உம் செடி மட்டும் இறுகியே நின்றது. உம் தாயின் பெயரைத் தாங்கியதால் எம் ஊர் வழக்கப்படி நீர் 'அம்மா' என்றே அழைக்கும் மீசைக்காரக் கௌயாக்கை வேவு பார்க்க அனுப்பினோம். எண்ணெய்ப் பீப்பாய்க்குப் பின்னால் பதுங்கிய அவர் கண்டதென்ன! எச்சில் தொட்ட விரலால் பூத்தலைகளை நீரே முறுக்கிக்கொண்டிருந்தீர்!

"என்ன வேலைங்க இது?"

"சத்தம் போடாத, அம்மா. அர்னாக் பிள்ளையோட ஆஸ்பத்திரியில இருந்து அடுத்த விமானத்துலதான் வர்றா. அவ இல்லாம இப்பப் படகு போயிட்டா அவளுக்குத் தோல்ல பங்கே கெடைக்காது. புருஷனப் பறிகொடுத்தவ, பிள்ளைக்கு எதைப் போர்த்துவா? வாயத் தொறந்து யாருகிட்டயும் கேக்கவும் மாட்டா."

கௌயாக் வாயை மூடிக்கொண்டார். அவருக்கும் ஏதோ பங்கு போய்விட்டதென்று அவரையும் சேர்த்துச் சந்தேகித்தோம். சென்ற வாரம்தான் உண்மையைச் சொன்னார். இன்று எங்களோடு கல்லாவில் அமரும் அர்னாக், "அப்ப அந்த வருசம் ஊரே நின்னது எனக்காகவா?" என்று கேட்டார்.

பெருந்தகையே! நாளை கண் சிகிச்சைக்காகத் தெற்கே பறக்கிறீர். "நான் வர்ற வரைக்கும் படகு நிக்குமா? இந்த வருசம் எனக்கு வேட்டை இல்ல, போ" என்று நேற்று முகம் வாடினீர். இன்று காலையும் மண்டியிட்டுப் பார்த்தீர். சுள்ளென்று வெயில் அடித்தும் முறுக்கு அவிழக் காணோம். எழுந்து எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகச் சந்தேகத்தோடு பார்த்தீர். கௌயாக்கின் விரல்களைப் பிடித்து உற்று நோக்கினீர்.

தவறான விரல்களை நோக்கினீர், ஐயா!

கண்ணொளி பெற்று, உடல்நலமும் நீள்வாழ்வும் நிறைந்து, விரைந்து திரும்புக! பூ அதுவரை அவிழாது.

இங்ஙனம்,
உம்மை இன்னமும் முழுதாக நம்பாத
கூட்டுறவுக் கடைப் பணியாளர்கள்
கௌயாக், நுதாரக்,
முறுக்கிய விரல்களுடன் அர்னாக்