நாய்க்கும் மறைத்த முகம்

வெள்ளவத்தைச் சந்தையடியில் பஸ் ஏறி உட்கார்ந்தேன். முன் இருக்கையில் இருந்த பெண், பக்கத்தில் இருந்த மூத்தவளிடம் சொன்னாள்:

“அந்த வீட்டு நாய்க்குக்கூட முகத்தை மறைச்சுத்தான் டிவியில காட்டினவங்கள், அக்கா.”

“நாய்க்கோ?”

“ஓம். சூது விளையாடினதுக்கு எம்.பி.யின்ட மகனைப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு வருது. அவர்ட முகம் ஒரே புகை. நாய் அவரோட ஒட்டிக்கொண்டு வருது, அதுக்கும் புகை. எவ்வளவு கவனமாச் செய்திருக்கிறாங்கள்!”

குரலில் கோபமே இல்லை. ஆடிவேல் தேரைப் பார்த்துவிட்டு வந்தவள்போல வியந்துகொண்டிருந்தாள்.

“உம்மட மனுசனும் அங்க நிண்டவராமே, ஏன் போனவர்?”

“அவங்கள் ஓடர் பண்ணின கொத்துரொட்டியைக் கொண்டுபோய்க் குடுக்கப் போனவர். ஹெல்மெட்டைக் கையில வச்சுக்கொண்டு வாசல்ல நிண்டவர். பொலிஸ் விசாரிச்சுட்டு அங்கயே விட்டிட்டாங்கள். ஆனா டிவியில இவரைத்தான் தெளிவாக் காட்டினவங்கள். மீசையில ரெண்டு நரை இருக்கு, அக்கா. பதினெட்டு வருசம் குடும்பம் நடத்தியும் நான் அதை டிவியிலதான் கண்டனான்.”

“பிள்ளையள் பாத்ததுகளோ?”

“பள்ளிக்கூடமே பாத்திட்டுது. சின்னவள் ஒரு கிழமை போகேல்லை.”

கொள்ளுப்பிட்டியில் பாதிப் பஸ் இறங்கியது.

“அவர் இப்ப என்ன செய்யிறார்?”

“அதே வேலைதான். ஆனா மூண்டாம் மாடிக்குச் சாப்பாடு கொண்டுபோனாலும் ஹெல்மெட்டைக் கழட்டுறேல்லை. நேத்து அதோடயே வீட்டுக்குள்ள வந்து சோத்துக்கு முன்னால இருந்திட்டார். சின்னவள்தான் எழும்பிப் போய்க் கழட்டிவிட்டவள்.”