வெளிக்காற்று

எனக்கு நாய்கள் என்றால் அவ்வளவாகப் பிடிக்காது, இன்ஸ்பெக்டர் சார். பூனைகளும் அப்படித்தான். வேட்டியில் ரோமம் ஒட்டுவதை நினைத்தாலே உடம்பு கூசும். எனக்குப் பிடித்தது ஒழுங்கு. பொழிச்சலூரில் தெரு விலங்குகளுக்குக் காப்பகம் தொடங்கியவர்கள் எல்லோரும் ஒரு குட்டி முனகினாலே உருகிப்போகிறவர்கள். உருகாத ஆள் ஒருவராவது வேண்டும் என்று, ஸ்கூல் டீச்சர் ஜெயஸ்ரீதான் என்னைப் பிடித்துப் போட்டார். "பத்ரிநாராயணன் சார் இருந்தா எல்லாம் கரெக்டா நடக்கும்" என்றார். நடந்தது.

ஓய்வு பெறும்வரை மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு பலகை உண்டு. யாருக்காவது கை நசுங்கினால் முதலில் அவரைக் கேட்டுக்கு வெளியே அழைத்துப் போவோம். அப்புறம்தான் ஆம்புலன்ஸ். வெளியே இருப்பவனுக்கு நடந்தது வெளியே நடந்ததுதானே. அந்தப் பலகைக்காக எனக்கு வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்தார்கள். என் மனைவி இன்றும் அதில்தான் விளக்கேற்றுகிறாள்.

காப்பகத்துக்கு இடம் கொடுத்தவர் பொன்னுரங்கம். அவர் குடும்பம் பயிர் வைத்த நிலம். பிளாட் போட்டு விற்றபின் மிச்சமிருந்த மூலை. விமானங்கள் தலையை உரசுகிற மாதிரி இறங்குவதால் யாரும் வாங்கவில்லை. வாடகை வேண்டாம் என்றவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"எங்க அப்பன் பாட்டன் சோறு துன்ன மண்ணு சார் இது. இங்க எதயும் கொல்லக் கூடாது, எதுவும் சாவவும் கூடாது. ஒரு உசிரு போச்சுன்னு வையி, மறுநாளே காலி பண்ணிகினு போய்னே இருக்கணும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். கொல்லாமல் இருப்பது சுலபம், கொல்லாமல் இருந்தால் போதும். சாகாமல் வைத்திருப்பது எப்படி என்று யாரும் யோசிக்கவில்லை. அது என் தலையில் விழுந்தது.

முதலில் மூச்சு வாங்கியது ஒரு கிழட்டு நாய். கால்நடை டாக்டர் கையை விரித்துவிட்டார். ஜெயஸ்ரீ அழ ஆரம்பித்தார். இடம் போனால் மற்ற நாய்களெல்லாம் தெருவுக்குத்தான் போகவேண்டும். நான் ஒரு சாக்கை விரித்து அதை ஏற்றி, கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தேன். சாயங்காலத்துக்குள் அடங்கிவிட்டது. பஞ்சாயத்து வண்டி வந்து எடுத்துக்கொண்டு போனது. எங்கள் இடத்தில் சாவு இல்லை.

அதற்கு 'வெளிக்காற்று' என்று பெயர் வைத்தோம். யாருக்கும் மனசு கஷ்டப்படக் கூடாது பாருங்கள். "கறுப்பிக்கு வெளிக்காற்று" என்று நான் சொன்னால் போதும், தன்னார்வலர்கள் இரண்டு பேர் சாக்கோடு வந்து நிற்பார்கள். தலைப்பக்கம் ஒருவர், கால்பக்கம் ஒருவர். நன்றாகப் பழக்கியிருந்தேன்.

சிக்கல் இல்லாமல் இல்லை. வெளியே போன சில நாய்கள் நிஜமாகவே தேறி, வாலை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தன. ஒரு கழுதை உள்ளே வந்தால் கண்ணை மூடும், வெளியே போனால் எழுந்து புல் மேயும். அதற்கும் எங்களுக்கும் ஒரு வாரம் இழுபறி. எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி ஆட்டோ லாசரஸ். தங்கமான மனிதர், அதுதான் தொல்லை. மரத்தடியில் ஏதாவது கிடந்தால் பெல்லை அடித்துவிடுவார்.

"உங்க வாசல்லயே ஒண்ணு சாவக் கெடக்குது, நீங்க உள்ள இன்னா பண்ணிகினு கீறீங்க?"

நாங்கள் நன்றி சொல்லி உள்ளே எடுத்துப்போவோம். அவர் சவாரிக்குப் போனதும் திரும்ப வெளியே. ஒரு பூனையை அவர் ஒரே நாளில் நான்கு முறை காப்பாற்றினார். ஆண்டு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம்.

பொன்னுரங்கத்துக்கு மட்டும் விவரம் தெரியாது. ஏதோ வைத்தியம் என்று நம்பிக்கொண்டிருந்தார். நான்கு வருஷமாக ஒரு சாவு இல்லை என்று பம்மல்வரை போய்ப் பெருமையடிப்பார்.

போன மாதம் ஒரு மத்தியானம், நாய்களுக்காக நொய்யரிசி மூட்டையை இறக்கிவிட்டு அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"சார், மாரு அடைக்குது சார். நூத்தியெட்டுக்கு போன் போடு."

செல்போன் என் கையில்தான் இருந்தது. ஆனால் ஆள் எங்கே இருக்கிறார் என்றுதான் அவர்கள் முதலில் கேட்பார்கள். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "ஜெயஸ்ரீ, வெளிக்காற்று" என்றேன்.

"சார், இவர் மனுஷர் சார்."

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா."

பழக்கதோஷம், கால்பக்கம் பிடித்துக்கொண்டார். பொன்னுரங்கம் கனத்த சரீரம். பாதி வழியில் சாக்கு கிழிந்தது. வேறு சாக்கு தேடினோம். அதற்குள் மூன்று நாய்கள் அவிழ்த்துக்கொண்டு வந்து அவர் முகத்தை நக்கின. அவற்றைக் கட்டாமல் கேட்டைத் திறக்க முடியாது, ரோட்டில் அடிபட்டுவிடும். ஒவ்வொன்றாகப் பிடித்துக் கட்டினேன்.

வெளியே கிடத்தி நான் போனை எடுப்பதற்குள் லாசரஸ் வந்துவிட்டார். உள்ளே கொண்டுபோய் ஃபேனுக்குக் கீழே போடச் சொன்னார். முடியாது என்றேன். என்னைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, அவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டதாம். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம்.

காரியத்துக்குப் போயிருந்தேன். அவர் மனைவி கிளியம்மாளிடம், உங்கள் வீட்டுக்காரர் நிபந்தனை மீறப்படவில்லை, காப்பகம் தொடரலாமா என்று பக்குவமாகக் கேட்டேன். 

"இன்னா நிபந்தனை? வாயில்லா ஜீவன நல்லா பாத்துக்கணும்னு ஒரு பேச்சுக்குச் சொன்னது சார் அது. வயசான நாயி சாவாம இன்னா பண்ணும்? அதுகூடவா அவருக்குத் தெரியாது?"

எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது. பேச்சுக்குச் சொல்வதையும் நிஜமாகச் சொல்வதையும் ஒரே குரலில் சொன்னால் நிர்வாகம் எப்படி நடத்துவது, நீங்களே சொல்லுங்கள்.

பொன்னுரங்கத்தின் வலதுகை விரல்களில் காயம் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். ஜெயஸ்ரீ உங்களிடம் எல்லாம் சொல்லியிருப்பார். நல்ல பெண், மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. கேட்டைத் தாண்டும்போது பொன்னுரங்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நிபந்தனையும் வாணாம் ஒண்ணியும் வாணாம் சார். எடத்த நீயே வச்சிக்கோ. டாக்டரக் கூப்புடு சார்."

தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் வலியில் ஒருவர் சொல்வதைப் பிடித்துக்கொண்டு காரியம் சாதிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சுண்டுவிரல்தான் கொஞ்சம் அடம்பிடித்தது. அவரை மரத்தடியில் கிடத்திவிட்டு, கேட்டைச் சாத்தித் தாழ்போட்டு, திரும்பிப் பார்த்தேன். உள்ளே எல்லாம் உயிரோடுதான் இருந்தன.