இளைச்சுப் போன வரப்பு

— அண்ணி, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, மானிய ஆபீஸர் வந்ததும் அவர்தான் முதல்ல சிரிக்கணும். பெரியவங்க சிரிச்ச பிறகுதான் நான் சிரிப்பேன்.

— கேட்டியா? மூணு வருஷமா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போன, சண்டைக்கு மட்டும் வாயைத் திறந்த என் தம்பி, இன்னிக்கு மரியாதை கத்துக்கிட்டான்.

— ரெண்டு பேரும் கை நீட்டினா தொடற தூரத்துலதான் நிக்கறீங்க. நடுவுல நான் என்ன தபால் பெட்டியா? கொழுந்தனாரே, நேரா ‘அண்ணே’ன்னு கூப்பிட்டுப் பழகுங்க. ஆபீஸர் முன்னாடி வாயில வரலன்னா மோட்டார் மானியமும் வராது.

— சரி. அ... அண்ணே.

— என்னடா, கல்லைக் கடிச்ச மாதிரி சொல்றே?

— பழக்கம் விட்டுப் போச்சு. நம்ம கிணத்து மோட்டார் மாதிரிதான், முதல்ல இருமும், அப்புறம் ஓடும்.

— அந்த இருமலும் இந்த மாசம் தாண்டாது. அது நின்னா ரெண்டு பேர் பயிரும் சருகுதான். புதுசு மட்டும் வரட்டும், மேட்டுப் பக்கம்கூட நனையும்டா.

— அதனாலதானே வெக்கத்தை விட்டு வந்திருக்கேன். தனித்தனியா கேட்டா ‘உங்க நிலம் பத்தாது, போ’ங்கறாங்க. ஒரே நிலம், ஒரே அடுப்புன்னா தர்றாங்க. இல்ல, நான் கேக்கறேன், அரசாங்கத்துக்கு நம்ம அடுப்பு மேல என்ன அக்கறை?

— கேள்வியெல்லாம் அப்புறம். இப்போ நான்தான் ஆபீஸர். ‘இந்த நிலம் யாரோடது?’

— என்னோடது.

— என்னோடது.

— விளங்கிடும். ‘எங்களோடது’ன்னு சொல்லுங்கய்யா.

— எங்களோடது. ஆனா வரப்பை முதல்ல செதுக்கினது அண்ணன்தான். மண்வெட்டி எடுக்கறப்பெல்லாம் ஒரு விரக்கடை அகலம்.

— நீ மட்டும் அந்தப் பக்கம் பூப்பறிச்சுக்கிட்டு இருந்தியா? இங்கிட்டு நான் ஒரு விரக்கடை, அங்கிட்டு நீ ஒரு விரக்கடை. கடைசியில அது வரப்பா? காக்கா உட்கார்ந்தா சரிஞ்சுரும்.

— அப்போ ஒத்துக்கறீங்க?

— நீயும் ஒத்துக்கோ.

— சரி, ஒத்துக்கறேன். விடியக்காலையில அதை எடுக்கப் போனோமே, மண்வெட்டியைக் காட்டினதுமே உதிர்ந்துருச்சு. இதுக்கா மூணு வருஷம்னு எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அடக்கிக்கிட்டேன்.

— எனக்கும்தான்டா. அதுக்குத்தான் நான் இருமினேன்.

— போதும், உட்காருங்க. மூணு தட்டும் ஒரே வரிசையில இருக்கணும். தம்பி, உங்க அடுப்பு எங்கே?

— மாட்டுக் கொட்டகையில வெச்சு, சாக்கு போட்டு மூடிட்டேன். மாடு அதை முறைச்சுக்கிட்டே நிக்குது.

— நிக்கட்டும். நீ சாப்பிடு. ஆபீஸர் நுழையறப்போ வாய் நிறைய இருக்கணும், அப்போதான் எடுபடும்.

— அண்ணி, மூணு வருஷமா என் சமையலையே சாப்பிட்டேன். அதை என் எதிரிக்குக்கூடப் போட மாட்டேன். எதிரின்னா அண்ணனைச் சொல்லல.

— சொல்லுடா, பரவாயில்ல. இந்தா, என் தட்டுல இருக்கறதையும் எடுத்துக்கோ. இதுக்காகத்தானே சின்ன வயசுல என் கையைக் கடிச்சு வெச்சே.

— வெயில் ஏறிடுச்சு அண்ணே. வாசல்ல வண்டிச் சத்தத்தையே காணோம். அண்ணி, அந்த ஆபீஸர் வருவாரா, மாட்டாரா?

— அவரு நேத்தே வந்துட்டுப் போயிட்டாரு. நீங்க ரெண்டு பேரும் வயல்ல நின்னு கத்திக்கிட்டிருந்தீங்க, அவரைப் பார்க்கவே இல்ல. வரப்பு எங்கேன்னு தேடினாரு, அது கண்ணுலயே படல. ஒரே நிலம்னு எழுதிக்கிட்டாரு. ஒரே குடும்பம்தானான்னு கேட்டாரு. இந்தச் சத்தத்தைக் கேட்டுமா சந்தேகம்னேன். சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டுட்டாரு.

— அப்புறம் எதுக்கு அண்ணி இன்னிக்கு வருவாருன்னு சொல்லி, விடியக்காலையில மண்வெட்டி, இந்த ஒத்திகையெல்லாம்?

— ஒரே அடுப்புன்னு அவர்கிட்ட பொய் சொல்லிட்டேன் தம்பி, அதை மெய்யாக்க வேண்டாமா? தட்டை இழுக்காதீங்க, இன்னும் ஒரு கரண்டி வைக்கறேன்.