கோணல் லேபிள்

தம்பி: அந்தப் பையை உள்ள கொண்டுவராத. வாசல்லயே வெச்சிரு.

அக்கா: கை வலிக்குதுடா. ஃப்ரீசர் சாப்பாடு, ஏழு பெட்டி இருக்கு. நகரு.

தம்பி: வேணாம்னு சொல்றேன்ல.

அக்கா: கூடப் பொறந்தவள வாசல்ல நிக்கவெச்சுப் பேசற அளவுக்கு வந்துட்டியா? தள்ளு... கர்மம், என்ன வீடுடா இது. இருக்கிறது ஒரு தட்டு, ஒரு டம்ளர். அதையும் கழுவல.

தம்பி: ஒருத்தன் இருக்கிற வீட்டுல ஒரு தட்டுதான் இருக்கும். பேச்ச மாத்தாத.

அக்கா: நீ இன்னும் பேசவே ஆரம்பிக்கல, அதுக்குள்ள நான் எதை மாத்தறது? போன வாரப் பெட்டிக்கு மார்க் சொல்லு. வாராவாரம் கேக்கறேன், இந்த வாரமும் கேட்டுத் தொலைக்கிறேன். மீன் எப்படி?

தம்பி: ரெண்டு.

அக்கா: பத்துக்கா?

தம்பி: நூத்துக்கு.

அக்கா: கொழுப்புடா உனக்கு. மக்கரோனி?

தம்பி: அதுக்கு அஞ்சு. அதுவும் பாவம் பாத்து. ஓரமெல்லாம் கருகல், நடுவுல ஐஸ் கட்டி. அந்த உருளைக்கிழங்கு மசியல் இருக்கே... பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி சுவத்துக்குப் பட்டி பாப்பாங்களே, அந்த ருசி.

அக்கா: பட்டி தின்னு பாத்திருக்கியா?

தம்பி: இப்போ தின்னுட்டேன்ல.

அக்கா: சூடு பண்றப்போ நடுவுல ஒரு தடவ எடுத்துக் கிண்டினியா?

தம்பி: எதுக்குக் கிண்டணும்?

அக்கா: பாரு. பின்பக்கம் சின்ன எழுத்துல போட்டிருக்கும். படிக்கிறது கிடையாது, கிண்டறது கிடையாது, மார்க் மட்டும் போடத் தெரியுது. செஞ்சவங்க வயித்தெரிச்சலக் கொட்டிக்காத.

தம்பி: பின்பக்கம் நானும் படிச்சேன். "ஒருவருக்கு மட்டும்"னு போட்டிருக்கு. வாராவாரம் ஏழு தடவ படிக்கிறேன். ஒருவருக்கு மட்டும், ஒருவருக்கு மட்டும். பெட்டியே என்னைக் குத்திக் காட்டுது.

அக்கா: உன் பொண்டாட்டி போனதுக்குப் பெட்டி என்னடா பண்ணும்?

தம்பி: அதை விடு. உனக்கு ஏன் இப்படிப் பொத்துக்கிட்டு வருது? நீ ஓட்டல் வெச்சிருக்கிறவ. இந்தப் பெட்டிச் சாப்பாட்டப் பாத்து முதல்ல நீதான் காறித் துப்பணும். அதை விட்டுட்டு அந்தக் கம்பெனிக்கு வக்கீலா நிக்கிற.

அக்கா: நான் யாருக்கும் வக்கீல் இல்ல. அங்கயும் மனுஷங்கதான செய்யறாங்க, அதைச் சொன்னேன்.

தம்பி: மனுஷங்க... சரி. கோழிப் பெட்டியில என்ன கிடந்துச்சு தெரியுமா?

அக்கா: முடியா?

தம்பி: பிளாஸ்டர். காயத்துக்கு ஒட்டுவோமே, அது. நீலக் கலர்ல. பட்டாணிக்கு நடுவுல சுருண்டு கிடக்கு.

அக்கா: நல்லவேளை.

தம்பி: என்னது?

அக்கா: இல்ல... நீ பாத்துட்டியே. முழுங்கலல்ல? அதைச் சொன்னேன்.

தம்பி: நல்லவேளையாம். எவனோ கையில ஒட்டியிருந்த அழுக்க என் தட்டுல போட்டிருக்கான், இவளுக்கு நல்லவேளை. நான் விடப்போறதில்ல. பெட்டியில தேதி இருக்கு, நம்பர் இருக்கு. கம்பெனிக்குப் போன் போட்டா எந்த ஷிப்டு, எந்த ஆளுன்னு நோண்டி எடுத்துருவாங்க. அவனுக்கு வேலை போகணும்.

அக்கா: ஒருத்தர் வயித்துல அடிச்சு உனக்கு என்ன கிடைக்கப்போகுது?

தம்பி: என் வயித்துல அது போயிருந்தா?

அக்கா: போகக்கூடாதுன்னுதான் நீலக் கலர்ல வெக்கிறாங்க. சாப்பாட்டுல நீலமா எதுவும் இருக்காதில்ல, விழுந்தா பளிச்சுனு தெரியும். உள்ள ஒரு தகடு வேற இருக்கும். கடைசியில நிக்கிற மெஷின் அதைப் பாத்துட்டுக் கத்தும்.

தம்பி: அப்புறம் ஏன் கத்தல?

அக்கா: லேபிள் கோணலா ஒட்டின பெட்டிய அந்த மெஷினுக்கு முன்னாடியே எடுத்து ஓரமா...

தம்பி: ம்.

அக்கா: என்ன ம்?

தம்பி: நீ கொண்டுவர்ற பெட்டி எல்லாத்துலயும் லேபிள் கோணல். சூப்பர்மார்க்கெட்டுல ஆஃபர்ல வாங்கினேன்னு சொன்ன.

அக்கா: ஆஃபர்ல வேற எப்படிக் குடுப்பான்?

தம்பி: அந்தக் கடைக்கே போய்க் கேட்டேன். கோணலா ஒட்டினது எங்களுக்கு வர்றதே இல்லன்னுட்டான். திருட்டு மாலோன்னு என்னை ஏற இறங்கப் பாக்கறான்.

அக்கா: உனக்கு வேற வேலையே இல்லையா? எலக்ட்ரீஷியன்னா போய் ஒயரப் பாரு. பெட்டியத் தூக்கிக்கிட்டுக் கடை கடையா...

தம்பி: ஒயர் பாக்கறேன்னுதான சொன்னேன் உன்கிட்ட. ஓட்டல்ல ரிப்பேர் நடக்குது, சாப்பிட வராதன்ன. நான் ஒயரிங் பண்ணித் தரேன்னேன். அதுவும் வேணாம்னுட்ட. தம்பிக்காரன் எலக்ட்ரீஷியன், அக்கா வெளி ஆள வெச்சு வேலை பாக்கறாளாம். எத்தன மாசமாக்கா ரிப்பேர்?

அக்கா: அது வேற விஷயம்.

தம்பி: வேற இல்ல. பொண்டாட்டி விட்டுட்டுப் போனவன் தினம் வந்து மூலை மேசையில தனியா உக்காந்தா உனக்கு மானம் போகுது. அதான் பெட்டியில போட்டு வீட்டுக்கே கொண்டுவந்து தள்ளிட்டுப் போற. நாய்க்குப் போடற மாதிரி.

அக்கா: டேய், வாய மூடு.

தம்பி: பொய்யா?

அக்கா: அந்த மூலை மேசையில நீ வர்ற வரைக்கும் ஒருத்தரையும் உக்கார விடமாட்டேன்டா நான். வந்தவங்களத் திருப்பி அனுப்பியிருக்கேன். மானத்தப் பத்தி என்கிட்ட பேசறியா?

தம்பி: அப்போ நாளைக்கு வரேன். கூட வேலை செய்யறவங்களையும் கூட்டிட்டு வரேன்.

அக்கா: வராத.

தம்பி: ஏன்?

அக்கா: மேசையே இல்லடா. போதுமா? மேசை இல்ல, அடுப்பு இல்ல, போர்டு இல்ல. சாவியக் குடுத்துட்டேன். இப்போ அது செருப்புக் கடை.

தம்பி: இப்போ எங்க வேலை?

அக்கா: எங்கன்னு தெரியாத மாதிரி கேக்கற. அந்தக் கம்பெனியிலதான். பெட்டி வரிசையா ஓடிவரும். ஒருத்தி கோழி வெப்பா, ஒருத்தி குழம்பு ஊத்துவா. நான் பட்டாணி. ஒரு கரண்டி, அவ்வளவுதான். உப்பு சரியா இருக்கான்னு கேக்கக்கூட வழியில்ல. கோணல் லேபிள் ஒட்டினத வேலை செய்யறவங்களே எடுத்துக்கலாம். அதை உனக்குக் கொண்டுவந்தா நீ நூத்துக்கு ரெண்டுங்கற. எனக்கு எரியாதா?

தம்பி: அந்தப் பிளாஸ்டர்...

அக்கா: என்னோடதுதான். கரண்டி விளிம்பு விரலக் கிழிச்சிருச்சு. ஷிப்டு முடிஞ்சு வெளிய வர்றப்போ ஒட்டினது விரல்லயே இருக்கான்னு காட்டணும். பாக்கறேன், காணோம். கையுறைக்குள்ளயும் இல்ல. பயத்துல இன்னொண்ண எடுத்து ஒட்டிக் காட்டிட்டு வந்துட்டேன். மெஷினும் கத்தல. எங்க போச்சு, எந்தக் குழந்தை வாயில போச்சுன்னு அன்னையிலிருந்து தூக்கமே இல்ல. உனக்கு எடுத்துக் குடுத்த பெட்டிக்குள்ளயே இருக்கும்னு புத்திக்கு எட்டவே இல்ல. நீ பட்டாணின்னு சொன்னப்புறம்தான் மூச்சே வந்துச்சு.

தம்பி: என்கிட்ட ஏன் சொல்லல?

அக்கா: என் அக்கா ஓட்டல் முதலாளின்னு பாக்கறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சவன் நீ. அவ உன்னை விட்டுட்டுப் போன மாசமே ஓட்டலும் போச்சு. அதை உன்கிட்ட எப்படிடா சொல்றது? சரி, போன் போடு. பட்டாணி வெக்கிறவன்னு சொல்லு, உடனே கண்டுபிடிச்சிருவாங்க.

தம்பி: என் காலப் பாரு.

அக்கா: என்ன?

தம்பி: செருப்பு. போன மாசம் வாங்கினது. உன் மூலை மேசை இருந்த இடத்துலதான் ஸ்டூல் போட்டு அளவு பாக்கறாங்க.

அக்கா: ...தெரிஞ்சுக்கிட்டேவா இவ்வளவு பேசின? நாய், மானம்னு...

தம்பி: பின்ன என்ன பண்றது? இந்த வாரம் சொல்லுவா, அடுத்த வாரம் சொல்லுவான்னு பாத்தா ஒவ்வொரு தடவையும் ஆஃபர், ஆஃபர்ங்கற. நல்லா இருக்குன்னு சொன்னா சிரிச்சுட்டுப் போயிருவ. திட்டினாலாவது கோவத்துல நீ வாயத் திறப்பியான்னு பாத்தேன். என் கஷ்டத்தயெல்லாம் உன்கிட்ட கொட்டினேன்ல. உன்னோடத மட்டும் மறைச்சுட்ட. அந்தக் கோவம் இன்னும் போகல.

அக்கா: பிளாஸ்டர் யாருதுன்னு...

தம்பி: போன தடவ பெட்டியோட வந்தப்போ அதே நீலம் உன் விரல்ல இருந்துச்சு. கத்தி பட்டுச்சுன்ன.

அக்கா: அப்போ போன்?

தம்பி: யாருக்கும் பண்ணல.

அக்கா: பண்ணமாட்டேன்னு முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன, வேலை போச்சுன்னே நினைச்சுட்டேன்... ஆமா, பிளாஸ்டர் கிடந்த கோழிய என்ன பண்ணின? கொட்டிட்டு அன்னைக்குப் பட்டினியா கிடந்தியா?

தம்பி: கொட்டல. அதை எடுத்து ஓரமா வெச்சுட்டு, மிச்சத்தச் சாப்பிட்டேன்.