இருபத்துநாலாவது டிக்கெட்

இருந்தவர்கள்: அக்கா. நான். கீழ்வீட்டுத் தையல்காரம்மா, வாசற்படி வரை மட்டும். மேசைமேல் அக்காவின் லேப்டாப், ஹெட்ஃபோன்.

எந்தப் புகாரையும் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று எனக்குப் பழக்கிவிட்டார்கள். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நாலு வருஷம் இரவு ஷிஃப்டில் இருந்தேன். லேப்டாப்பில் சத்தம் வரவில்லை என்று கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு டிக்கெட்: யார் இருந்தார்கள், என்ன புகார், என்ன செய்தோம், தீர்ந்ததா. பிறகு அந்த வேலையையும் விட்டேன். டிக்கெட் எழுதுவதை மட்டும் விட முடியவில்லை. நீங்கள் வந்து சேர்வதற்குள் இதையும் எழுதி முடித்துவிடுவேன்.

அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். சத்தம் வராதபோது ஆட்கள் முதலில் ஒயரைப் பிடுங்கிச் செருகுவார்கள். மறுபடியும் பிடுங்கிச் செருகுவார்கள். லேப்டாப்பைத் திட்டுவார்கள். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒருவேளை என் காதுதான் சரியில்லையோ" என்பார்கள். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் லேப்டாப்புக்குள் தனித்தனி ஒலியளவு இருக்கிறது, அதை யாராவது நகர்த்தியிருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றாது.

அக்காவுக்கும் தோன்றவில்லை. ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. வக்கீல்களும் டாக்டர்களும் பேசியதெல்லாம் அவள் காது வழியாக வந்து விரல் வழியாகப் போகும். அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். காலையில், "எருமை எழுந்தாச்சா?" என்பாள். பல நாட்களில் ஒரு மனிதர் என்னிடம் பேசும் பேச்சு அது மட்டும்தான். வேலையை விட்டபின் என்னால் வெளியே போக முடியவில்லை. பால் வாங்கப் படியிறங்கினால் நாலாவது படியில் கை நடுங்கும், திரும்பிவிடுவேன். அக்காவிடம் சொல்லவில்லை. சோம்பேறி என்று நினைத்துக்கொண்டாள். அதுவே எனக்குக் கௌரவமாகப் பட்டது.

மூன்று மாதம் முன்பு அவளுக்கு வேறு ஊரில், கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் இடம் கிடைத்தது. தங்குவதற்கு அறை தருவார்கள், ஒருவருக்கு மட்டும். கேட்கும் பரீட்சை ஒன்று பாக்கி. தெளிவில்லாத ஒலிப்பதிவு வரும், பிழையில்லாமல் அடிக்க வேண்டும்.

"நீ தனியா சமாளிச்சுக்குவல்ல?" என்று கேட்டாள்.

"தாராளமா," என்றேன்.

அன்று சாயங்காலம் அவள் குளிக்கப் போனபோது இடது பக்கத்தை நூறிலிருந்து தொண்ணூற்றாறுக்கு இறக்கினேன். என் நோட்டில் முதல் டிக்கெட் அது. நாலு என்பது ஒன்றுமே இல்லை, எந்தக் காதுக்கும் தெரியாது. வாரம் இரண்டு முறை, நாலு நாலாக இறக்கினேன். அவசரப்படவில்லை.

அறுபதைத் தாண்டியபோது அவள் என்னைக் கூப்பிட்டாள். "டேய், லெஃப்ட்ல சரியா கேக்க மாட்டேங்குது. நீதான இதுல பெரிய டாக்டர், வந்து பாரு."

முழு மனதோடு பார்த்தேன். ஒயரைக் கழற்றிப் பஞ்சால் துடைத்தேன். அணைத்துப் போட்டேன். பழைய ஹெட்ஃபோனைத் தேடி எடுத்து அதே துளையில் செருகினேன். ஒரு காரியம் மட்டும் செய்யச் சொல்லவில்லை. ஹெட்ஃபோனை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டால், கோளாறு காதிலா கருவியிலா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். நாலு வருஷத்தில் யாருக்கும் அது தானாகத் தோன்றியதில்லை. நான்தான் சொல்லிக்கொடுப்பேன். அக்காவுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

என் தலையில் மாட்டிக் கேட்டுவிட்டு, "எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் கேக்குதுக்கா," என்றேன். பொய் என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

அவள் இடது காதைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு தட்டச்சில் பிழைகள் வந்தன. சத்தத்தைக் கூட்டித் தரும் ஒரு மென்பொருளைப் போட்டுத் தரச் சொன்னாள், போட்டுத் தந்தேன். பரீட்சையை ஒரு மாதம் தள்ளிவைக்கக் கேட்டாள், கம்பெனியும் ஒத்துக்கொண்டது.

அந்த ஒரு மாதம் வீடு நன்றாக இருந்தது. சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏதாவது பேசுடா, எந்தக் காதுல கேக்குதுன்னு பாக்கறேன்," என்பாள். பேசுவேன். இடது பக்கம் உட்கார்ந்திருந்தால் குரலைச் சற்று இறக்கிக்கொள்வேன். என் பேச்சை யாரும் அவ்வளவு நேரம் கேட்டதில்லை.

பிறகு அந்த வியாழக்கிழமை. தையல்காரம்மா தலையணை உறைகளைத் தைத்து எடுத்துக்கொண்டு மேலே வந்தார். என்னைப் பார்த்து, "என்ன ராத்திரி ராஜா, பகல்ல தரிசனம் குடுக்கறீங்க?" என்றார். அக்கா தன் காதைப் பற்றிச் சொன்னதும் வாசற்படியிலேயே நின்று சிரித்தார்.

"உனக்குக் காது மந்தமா? யார்கிட்ட கதை விடற? நான் கீழ மிஷினைத் தொட்டாலே மேலயிருந்து தரையைத் தட்டறவ நீ. பேசாம நாளைக்குப் போய் ஒரு டெஸ்ட் எடுத்துடு. அரை மணி நேர வேலை."

அக்கா முகத்தில் பல நாளைக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. அவர் படியிறங்குவதற்குள் காது டாக்டருக்கு ஃபோன் செய்துவிட்டாள். மறுநாள் காலை பத்து மணிக்கு நேரம் கொடுத்தார்கள்.

டாக்டர் பார்த்தால் காது நன்றாக இருக்கிறது என்பார். பிறகு சந்தேகம் லேப்டாப் மேல் வரும், அங்கிருந்து என் மேல் வரும். திட்டுவாள், அதைத் தாங்கிக்கொள்வேன். ஆனால் போய்விடுவாள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலாவது படியில் வரும் நடுக்கம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

"டாக்டர் பாக்கறதுக்கு முன்னாடி நானே ஒரு டெஸ்ட் பண்றேன்க்கா," என்றேன். "லெஃப்ட்ல மட்டும் விசில் மாதிரி வரும். கேட்டா கையைத் தூக்கு."

"தூக்கலைன்னா?"

"செவிட்டுக் கழுதைன்னு கூப்பிடுவேன்."

சிரித்தாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கவனம் சிதறக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கேட்டு வாங்கிய மென்பொருள் உச்சத்தில் இருந்தது. இடது பக்கம் எட்டில் இருந்தது. எட்டை நூறாக்கினேன்.

அலறிக்கொண்டு கழற்றி எறிந்தாள். "என்னடா இது?"

"கருவிக் கோளாறுக்கா. ஒரு தடவை பாத்தா போதாது, இன்னொரு தடவை போட்டுக்கோ."

போட்டுக்கொண்டாள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் வற்புறுத்தவில்லை, அவளேதான் போட்டுக்கொண்டாள். மூன்றாவது தடவை மட்டும் கழற்றிவிடாதபடி என் கையை மேலே வைத்து அழுத்திக்கொண்டேன். எத்தனை நொடி என்பது நோட்டில் இருக்கிறது.

மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டு, இடது காது உள்ளே கெட்டுப்போயிருக்கிறது, இனித் திரும்பாது என்றார். விசில் சத்தம் காதுக்குள் நிற்கவே இல்லை என்று அக்கா அழுதாள். அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். வலது பக்கம் உட்கார்ந்து ஆறுதல் சொன்னேன். தலைமை அலுவலகத்தில் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். இருபத்துநாலாவது டிக்கெட்டில் 'தீர்ந்தது' என்று எழுதினேன்.

இன்று காலை டாக்டரின் சீட்டைத் தேடி மேசை இழுப்பறையைத் திறந்தவள், என் நோட்டை எடுத்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாள். தேதி, எண், எடுத்த நடவடிக்கை. என் கையெழுத்து அவள் சொல்லிக்கொடுத்தது.

"நான் போகக் கூடாதுன்னா செஞ்ச?"

"ஆமாக்கா."

"பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னியாடா?"

"இல்ல."

அவள் என்னை அடிக்கவில்லை. லேப்டாப்பையும் நோட்டையும் பையில் வைத்தாள். "போலீஸ் வரும். அதுவரைக்கும் உக்காந்து எழுது. உனக்குத்தான் நல்லா எழுத வருமே," என்றாள்.

வெளியே போய்க் கதவை இழுத்தாள். "அக்கா," என்றேன். பூட்டு விழுந்தது. இன்னொரு தடவையும் கூப்பிட்டேன், காலடிச் சத்தம் கீழே இறங்கிப் போனது. பூட்டும்போது அவளுடைய இடது காதுதான் கதவுப் பக்கம் இருந்திருக்க வேண்டும். கேட்டிருந்தால் திறந்திருப்பாள்.