வாடை திரும்பும்வரை

ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்கு நன்றாகத் தூக்கம் வரும், சார். காற்று மாறிவிடும். விமானம் எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் ஏறும். ஆடியில் மேல்காற்று அடித்தால் மேற்கே ஏறும். அங்கே என் வீடு. ஐப்பசியில் வாடை அடித்தால் கிழக்கே ஏறும். அங்கே என் கொழுந்தனார் ரெங்கசாமியின் வீடும் வயலும். நடுவில் ஓடுபாதை. பாதி வருஷம் எங்கள் காது, பாதி வருஷம் அவர் காது என்று போயிருந்தால் இந்த ஞானாம்பாள் ஏன் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கப் போகிறாள்?

காற்றே இல்லாத நாட்களும் உண்டு. அன்றைக்கு எந்தப் பக்கமும் ஏறலாம். அவர் கட்சி ஆட்சிக்கு வந்ததும், கரைவேட்டி கட்டிக்கொண்டு மந்திரி வீட்டுக்கும் விமானத் திடலுக்குமாக அலைந்தார். காற்றில்லாத நாளெல்லாம் விமானம் மேற்கே போகும்படி செய்துவிட்டார். பாகப்பிரிவினையில் நல்ல நஞ்சையை எல்லாம் அமுக்கிக்கொண்ட மனிதர், சத்தத்தை மட்டும் எங்களுக்குத் தாராளமாக எழுதிவைத்தார்.

பங்குனியில் இலை அசையாத ஒரு காலை. என் மகன் நடராசன் வயலில் குனிந்து வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தான். பின்னால் டிராக்டர் ரிவர்ஸில் வந்தது. நான் கத்தினேன். தலைக்கு மேலே விமானம். டிரைவருக்குக் கேட்கவில்லை, பிள்ளைக்கும் கேட்கவில்லை. தொண்டை கிழியக் கத்தியது எனக்கே கேட்கவில்லை, சார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டான்.

காரியத்தன்று கொழுந்தனார் வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

“ஏதாவது ஒரு பக்கம் அது போய்த்தானே ஆகணும் அண்ணி. மனசத் தேத்திக்கிங்க.”

அவருக்குக் காப்பி கொடுத்தேன். பாவி, சர்க்கரை போதவில்லை என்று கேட்டு வாங்கிக் குடித்தார். மனுஷனிடம் சிபாரிசு செல்லும், வாடையிடம் செல்லாது. அது திரும்பட்டும் என்று காத்திருந்தேன்.

அடைமழைக்கு முன்னால் கிணற்றுக்குள் இருக்கும் மோட்டாரை மேலே ஏற்றிவைப்பார்கள். இல்லாவிட்டால் ஊற்றுப் பெருகி முழுகிவிடும். கொழுந்தனார் ஆட்களை நம்ப மாட்டார். தென்னையில் கயிறு கட்டி, போல்ட் கழற்றத் தானே இறங்குவார். அன்று அவருடைய பண்ணையாள் காத்தான் கூப்பிடு தூரத்தில் களை பறித்துக்கொண்டிருந்தான். நான் மோர் கொண்டுபோனேன். அவர் பாதிக் கிணறு ஏறி வந்தபோது தென்னையில் இருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டேன்.

கயிற்றோடு தண்ணீரில் விழுந்தவர், குழாயைப் பிடித்துக்கொண்டு கத்தினார். அன்றைக்கு விமானத் திடலில் பயிற்சி. ஒன்றன் பின் ஒன்றாக விமானங்கள் அவர் கிணற்றுக்கு மேலேயே ஏறின. காத்தான் நிமிரவே இல்லை. விமானச் சத்தத்தால் செத்தார் என்றுதான் நீங்கள் எழுத வேண்டும். அது இல்லாவிட்டால் காத்தான் ஓடிவந்து தூக்கியிருப்பான். நான் கொலைகாரி இல்லை, சார்.

நடுவில் ஒருமுறை சத்தம் ஓய்ந்தது. அப்போது அவர் ஒரு குரல் கொடுத்திருந்தால் காத்தானுக்குக் கேட்டிருக்கும். நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன்.

“கத்தி மூச்ச வீணாக்காதீங்க தம்பி. வேற கயிறு எடுத்தாறேன்” என்றேன்.

“சரிங்க அண்ணி” என்றார். பிறகு கை தளரும்வரை அவர் வாயைத் திறக்கவே இல்லை.