சட்டப்படி அடித்த ஹாரன்

தேவையில்லாமல் ஹாரன் அடிக்கும் ஆட்களை எனக்குப் பிடிக்காது. ராஜபாளையத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் இந்தத் தவசிமுத்து ஹாரன் அடித்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று என்னிடம் படித்தவர்கள் சொல்வார்கள். நீங்களும் படித்தவர்தான், இன்ஸ்பெக்டர் ஐயாதுரை. லைசென்ஸ் டெஸ்டில் எட்டுப் போடும்போது நீங்கள் காலை ஊன்றியது பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணில் படாமல் நான்தான் குறுக்கே நின்று மறைத்தேன். சொல்லிக்காட்டவில்லை. ஞாபகம் வந்தது, சொன்னேன்.

இப்போது ஊரில் ஒரு புதுக் கூட்டம் கிளம்பியிருக்கிறது. அதுகளுக்கு லைசென்ஸும் வேண்டாம், நம்பர் பிளேட்டும் வேண்டாம். ஒருவன் குழந்தைகள் ஓட்டுகிற மாதிரி ஒரு மின்சார ஸ்கூட்டரில் நின்றுகொண்டே போகிறான். இன்னொருவன் ஹோவர்போர்டு என்று இரண்டு சக்கரம் வைத்த பலகையில் ஏறி, கையில் பிடிக்க ஒரு கம்பிகூட இல்லாமல், சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி விறைத்துக்கொண்டு போகிறான். பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கக் கண்ணாடி கிடையாது. முப்பது வருஷமாக ஒரு கீறல் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற நான் இவர்களுக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும்.

முதலில் நடந்தது விபத்துதான். பெலிக்ஸ் என்று ஒரு ஜவுளிக்கடைக்காரரின் மகன். ஹோவர்போர்டில் எனக்கு முன்னால் போனான். முந்துவதற்காக வலது பக்கம் ஏறி, முறைப்படி ஹாரன் அடித்தேன். திடுக்கிட்டுத் திரும்பியவன் பலகையோடு என் முன் சக்கரத்தில் வந்து விழுந்தான். மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் அவன் அப்பாவே எனக்காகப் பேசினார்.

"சார் மேல ஒரு தப்பும் இல்ல. அவிய ஹாரன் அடிச்சுத்தான் வந்திருக்காவ. இந்தப் பயதான் குறுக்க விழுந்துட்டான்."

அந்தப் பேச்சு எனக்கு நிறைவாக இருந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தேன். அந்தப் பலகை கால் விரல் அழுத்தத்தில் ஓடுவது. வலது தோள் வழியாகத் திரும்பிப் பார்த்தால் இடது கால் விரல்கள் தாமாக அழுந்தும். பலகை வலப்பக்கம் பாயும். வலப்பக்கம்தான் நாம் முந்துகிறோம். சட்டமும் அதைத்தான் சொல்கிறது, ஹாரனையும் அடிக்கச் சொல்கிறது.

ஆனால் ஒரு தடவை நடந்ததை வைத்து முடிவுக்கு வருவது சரியில்லை. அதனால் மம்சாபுரம் ரோட்டில் ஷமீர் என்ற பையனின் மின்சார ஸ்கூட்டருக்குப் பின்னால் செத்த நேரம் சத்தமில்லாமல் போனேன். நெருங்கியதும் ஹாரனை அழுத்தினேன். திரும்பிப் பார்த்தான், ஹேண்டில்பாரும் கூடவே திரும்பியது. விழுந்ததில் காறை எலும்பு போயிற்று. நானே ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அவன் அம்மா ஆயிஷா பீவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நீங்க மட்டும் இல்லேன்னா எம்புள்ள ரோட்டுலயே கெடந்திருப்பான். நீங்க நல்லா இருக்கணும்யா."

நன்றாகத்தான் இருந்தேன். ஊரில் ஒருவருக்கும் எதையும் கூர்ந்து பார்க்கத் தெரியாது என்பது அன்று உறுதியாயிற்று.

இனி பாண்டிசெல்வி. என்னிடம் ஸ்கூட்டி கற்றுக்கொள்ள வந்தவள். எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் எட்டுப் போட வரவில்லை. எல்லோர் முன்னாலும், "வீட்டுல போயி கோலத்துல எட்டுப் போடு, போ" என்றேன். அதோடு வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பிறகு அவளுடைய அண்ணன் துபாயிலிருந்து ஒரு ஹோவர்போர்டு அனுப்பியிருக்கிறான். அது குண்டும் குழியுமான ரோட்டில் ஓடாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேருக்காக ரத வீதியின் வேகத்தடைகளைப் பெயர்த்து, ரோட்டையும் வழவழவென்று ஆக்கியிருந்தார்கள். தேர் நிலைக்கு வந்து நாளாகியும் தடைகளைத் திரும்பப் போடவில்லை. என் வீடு அந்த வீதியில். ஒரு சாயங்காலம் பார்க்கிறேன், கையில் காய்கறிப் பையோடு அவள் பலகையில் எட்டுப் போடுகிறாள். கால் ஊன்றவே இல்லை. டீக்கடையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். கைதட்ட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் அதே நேரம் என் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். அவள் வரும்வரை வீதியைச் சுற்றினேன். அவள் வந்ததும் பின்னால் போய், வலப்பக்கம் ஏறி, ஹாரன் அடித்தேன். அவள் திரும்பினாள். பிரேக் பிடிக்க எனக்கு நேரம் இருந்தது. பிடிக்கவில்லை. ஹெல்மெட் இல்லாத தலை எப்படி விழும் என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அப்படியேதான் விழுந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் கண் திறந்திருக்கிறாளாம், பெற்ற தாயை அடையாளம் தெரியவில்லையாம்.

ஆக, பெலிக்ஸ் விபத்து. ஷமீரும் பாண்டிசெல்வியும் நான் தெரிந்தே செய்தது. இவ்வளவு தெளிவாக ஒருவரும் உங்களிடம் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். வக்கீல் வேண்டாம்.

நகைக்கடைக் கேமராவில் நான் வீதியைச் சுற்றியது பதிவாகியிருக்கிறது என்றீர்கள். அதைத் தாராளமாகக் கோர்ட்டில் காட்டுங்கள். அதற்கு முந்தின நாள் பதிவை எதற்கு எடுத்தீர்கள் என்பதுதான் புரியவில்லை. அவள் எட்டுப் போட்டு முடித்து, என்னைப் பார்த்து, "சார், நீங்களும் ஒருக்கா ஏறிப் பாருங்களேன்" என்றாள். மரியாதைக்கு ஏறினேன். விழுந்தேன். அவள் ஓடிவந்து, "அடி பட்டுருச்சா சார்" என்று கை நீட்டினாள். அதில் வழக்குக்குத் தேவையானது ஒன்றுமில்லை.

நான்தான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேனே, ஐயாதுரை. கை நீட்டுவதற்கு முன்னால் அவள் சிரிக்கிறாள் பாருங்கள், அதை மட்டும் அழித்துவிடுங்கள்.